லைனிங் வைத்த காற்றுப்பை

ஓசூர்,
12 மே 2024

அன்புள்ள அக்கா,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, மிச்ச நேரமெல்லாம் ஜெபித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். கிருஷ்ணகிரியில் அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லையாம்.

நவதுறவுப் பயிற்சி முடியும்வரை போன் கிடையாது, வீட்டாருக்குக் கடிதம் மட்டும்தான் என்று சிங்காரப்பேட்டைக் கன்னியர் மடத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில், இல்லாத ஒரு மாமாவுக்கு.

விமானப் பள்ளி எப்படி என்று கேட்டாய். ரோஜாப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு தார் ஓடுபாதை, இரண்டு சின்ன விமானம், பன்னிரண்டு மாணவர்கள், தலைமைப் பயிற்சியாளர் மோகன்குமார் சார். உதவித்தொகையில் வந்தவர்கள் நானும் ஹரிணி என்ற குந்தாரப்பள்ளிப் பெண்ணும்தான். அவள் இறங்கினால் சார் கையிலுள்ள டீ சிந்தாது. நான் இறங்கினால் சார் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்.

பறப்பது சுலபம் அக்கா, இறங்குவதுதான் கண்டம். காற்று ஒரே சீராக அடித்தால் பயமில்லை. விட்டு விட்டுத் தள்ளும் காற்றுதான் ஆளைக் கொல்லும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவோம். தரைக்குப் பத்தடி இருக்கும்போது ஒரு வீச்சு வந்து தூக்கும். அடுத்த நொடி அது நின்றுவிடும். படி இறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி. அந்த மாதிரி நாளில் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு வர வேண்டும், இல்லையென்றால் இறங்கவே கூடாது.

அதைக் காட்டத்தான் காற்றுப்பை. கம்பத்தின் உச்சியில் இரண்டு பக்கமும் திறந்த துணிக்குழாய். காற்று லேசாக இருந்தால் தொங்கும், பலமானால் நேராக நீளும். பாதிக்கு மேல் எழுந்தால், தனியாகப் பறக்கிற மாணவர் இறங்காமல் மேலேயே சுற்ற வேண்டும் என்பது விதி. காற்றளக்கும் மீட்டர் பழுதாகி மூன்று மாதம் ஆகிறது. அதனால் நாங்கள் முறைவைத்து ரேடியோ அறையில் உட்கார்ந்து, சன்னல் வழியே பையைப் பார்த்து, இறங்குகிறவருக்குக் காற்று எவ்வளவு என்று சொல்கிறோம். எங்கள் வாட்ச்மேன் நாராயணப்பன் அதைத் தும்பிக்கை என்பார்.

அந்தத் தும்பிக்கை போன வாரம் தையல் விட்டுக் கிழிந்தது. புதிது வர ஒன்றரை மாதமாம். எங்கள் அக்கா பூசை உடுப்பே தைக்கிறாள், இதைத் தைக்க மாட்டாளா என்று சாரிடம் வாயை விட்டுவிட்டேன். கிழிந்ததை மாதிரிக்கு அனுப்பியிருக்கிறேன். மானத்தைக் காப்பாற்று.

உன் தம்பி,
ஸ்டீவ்

சிங்காரப்பேட்டை,
21 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. காலையில் பூசை, பிறகு பாடம், பிற்பகலில் தையல். மதர் எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதில்லை, ஆகவே நீ தாராளமாகப் பொய் எழுதலாம்.

பார்சல் வந்தது. இதைத் தைத்தவன் கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். குடைத்துணி மாதிரி மெல்லிசான நைலான், அதில் ஒற்றைத் தையல். கொசுவலைக்குக்கூட இதைவிடக் கவனமாகத் தைப்போம். கிழியாமல் என்ன செய்யும்? அளவு எடுத்துக்கொண்டேன்: எட்டடி நீளம், வாய் இரண்டடி அகலம், வால் ஓரடி. ஆரஞ்சும் வெள்ளையும் மாறி மாறி.

இந்தப் பையை நம்பித்தான் நீ இறங்குகிறாய் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இது என் பொறுப்பு. ஆடிக் காற்று வருவதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

அந்த ஹரிணியிடம் இறங்கக் கற்றுக்கொள். பெண்ணிடம் கற்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஜெபத்தில் உன்னை மறக்காத,
கிருபாராணி

சிங்காரப்பேட்டை,
18 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? அம்மாவைப் போய்ப் பார்த்தாயா? எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து விட்டது. இப்போது பரவாயில்லை.

காற்றுப்பை இத்துடன் வருகிறது, நீ மாதிரிக்கு அனுப்பிய கிழிசலும் கூடவே வருகிறது. திருவிழாப் பந்தலுக்கு வாங்கிய ஷாமியானாத் துணி மிச்சம் இருந்தது, சரியாக ஆரஞ்சும் வெள்ளையும். அதற்கு உள்ளே முழுக்கக் காடாத் துணியில் லைனிங் வைத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் மூன்று தையல். இரண்டு பக்கம் இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பார்த்தோம், நூல்கூட அசையவில்லை. ஆடி என்ன, எந்தக் காற்றும் இதை இனிக் கிழிக்காது.

ஒரு ரகசியம், உன் சாரிடம் சொல்லாதே. வால் பக்கத்து மடிப்புக்குள்ளே ஏழு மாதா சுரூபம், காசு அளவுப் பதக்கங்கள், வைத்துத் தைத்திருக்கிறேன். சாமியார் மந்திரித்துக் கொடுத்தவை. ஒவ்வொன்றையும் வைக்கும்போது ஒரு ஜெபமாலை சொன்னேன். நீ இறங்கும்போதெல்லாம் மாதா உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவ்வளவு ஆசையாக நான் இதுவரை எதையும் தைத்ததில்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் அக்கா,
கிருபாராணி

ஓசூர்,
3 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நான் நலம், உன் காய்ச்சல் முழுதும் விட்டதா? அம்மாவைப் பார்த்தேன். நான் இளைத்துவிட்டேன் என்று வழக்கம்போல் அழுதாள்.

உன் தும்பிக்கையை ஏற்றிவிட்டோம். ஓடுபாதையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கிறது. மோகன்குமார் சார் தட்டிப் பார்த்துவிட்டு, கம்பெனிப் பொருளைவிட உறுதி என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இரண்டு வருடத்தில் அவர் என் விஷயத்தில் சொன்ன முதல் நல்ல வார்த்தை இதுதான், அதுவும் நீ சம்பாதித்தது.

ஹரிணிக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஏற்றும்போது கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்குதே ஸ்டீவ், பழசு இப்டி இல்லியே. சார்கிட்ட கேட்டியா?" என்றாள். உங்க வீட்டுல துணிக்கு லைனிங்கே வைக்க மாட்டீங்களா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

இந்த வருடம் ஆடிக்கு முன்னாலேயே காற்று ஆரம்பித்துவிட்டது என்று ஊரே சொல்கிறது. எங்கள் பை என்னவோ சாதுவாகத்தான் தொங்குகிறது. போன வருடம் இதே சமயத்தில் வாரம் நான்கு நாள் தனிப் பயிற்சியை நிறுத்தி வைத்தார்கள். இந்த வருடம் ஒருநாள்கூட நிறுத்தவில்லை. நான் தனியாக ஒன்பது முறை இறங்கிவிட்டேன். இரண்டு முறை நன்றாகத் தூக்கிப் போட்டது. என் கைதான் சரியில்லை போலிருக்கிறது. எல்லாம் உன் சுரூபத்தின் மகிமை.

உன் தம்பி,
ஸ்டீவ்

சிங்காரப்பேட்டை,
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் நான் இரண்டு எழுதினேன். பதில் இல்லை.

அம்மா எழுதிய கார்டில், "அங்க ஒரு புள்ளைக்கு அடிபட்டுப்போச்சாம், தம்பிக்கு ஒண்ணும் இல்ல" என்று ஒரே வரி இருந்தது. எந்தப் பிள்ளை, எப்படி அடிபட்டது, ஒன்றும் இல்லை. உனக்கு ஒன்றுமில்லை என்பதற்கு நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் உனக்கு ஒன்றுமில்லையென்றால் நீ ஏன் எழுதவில்லை?

நாலு வரி போதும்.

உன் அக்கா,
கிருபாராணி

ஓசூர்,
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ நலமா?

அடிபட்டது ஹரிணிக்கு. இறந்துவிட்டாள். ஜூலை 24, பிற்பகல் மூன்று மணி. தனியாகப் பறந்தாள். இறங்கும்போது ஒரு வீச்சு தூக்கி, அது நின்றதும் விமானம் மூக்கால் தரையில் மோதி எழும்பியது. இரண்டாவது முறை இன்னும் பலமாக மோதிக் கவிழ்ந்துவிட்டது. கழுத்து முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மாணவியின் தவறு என்று முடிவாகிவிட்டது. காற்று எவ்வளவு என்று ரேடியோவில் சரியாகச் சொல்லப்பட்டது, பையும் அதையேதான் காட்டியது, அவள்தான் பதற்றத்தில் தவறாக இறக்கினாள் என்று எழுதியிருக்கிறார்கள். நன்றாக இறங்குகிறோம் என்ற நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். வேறென்ன சொல்ல?

ஒரு வேலை. புதிதாக ஒரு காற்றுப்பை தைத்து அனுப்பு. பழைய மாதிரியிலேயே, மெல்லிய நைலானில், ஒற்றைத் தையலோடு. லைனிங் வேண்டாம், சுரூபம் வேண்டாம். இப்போதைக்குப் பழைய கிழிசலைத்தான் கட்டி வைத்திருக்கிறேன். சீக்கிரம் வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்காதே.

ஸ்டீவ்

சிங்காரப்பேட்டை,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மற்றவர்கள் சுகம். நான் சரியாகத் தூங்கவில்லை.

கேட்காதே என்றாய், கேட்கவில்லை. மீந்த துணியில் ஒரு முழ நீளத்துக்கு இரண்டு குழாய் தைத்தேன். ஒன்று நைலான் ஒற்றைத்துணி, இன்னொன்று ஷாமியானாத் துணியும் லைனிங்கும். இரண்டையும் மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பத்தில் கட்டிவிட்டு, மாலை ஓய்வு நேரத்தில் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மற்ற நவதுறவிகள் நான் பட்டம் விடுகிறேன் என்று கேலி செய்தார்கள்.

நைலான், முந்தானை அசைகிற காற்றுக்கே எழுந்துவிடுகிறது. லைனிங் வைத்தது தொங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு வீச்சு வந்து வேப்பமரம் வளைந்து நிமிர்ந்த பிறகுதான் அது லேசாக அசைந்தது. அதற்குள் காற்று போய்விட்டது.

போன வருடம் வாரத்துக்கு நாலு நாள் நிறுத்தியதை இந்த வருடம் ஒருநாள்கூட நிறுத்தவில்லை என்று நீயே எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கனமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதையும் படித்தேன்.

நான் தைத்த பையாலா அவள் செத்தாள்? ஆமாம் இல்லை என்று மட்டும் எழுது. புதுப் பையை அனுப்பியிருக்கிறேன், நீ கேட்டபடியே தைத்திருக்கிறேன்.

கிருபாராணி

ஓசூர்,
10 செப்டம்பர் 2024

அக்கா,

நலம். பை வந்தது, ஏற்றிவிட்டோம்.

ஆமாம். நீ தைத்த பையால்தான்.

நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். மொட்டைமாடியில் உட்கார்ந்து நீயே கண்டுபிடித்தாய், நீயே சுமந்துகொள். ஒன்றரை மாதமாக நான் தனியாகச் சுமந்தேன். அன்று சாயங்காலமே கம்பத்தில் ஏறி அதைக் கழற்றியது நான். எட்டடி நீளத்துக்கு ஷாமியானாவையும் காடாவையும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவனுக்குத் தெரியும் அது எவ்வளவு கனம் என்று. விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தது கிழிந்த நைலானைத்தான். உன்னுடையது இப்போது இல்லை. எரித்துவிட்டேன், சுரூபங்களோடு. உன் மாதா வேலையைச் சரியாகத்தான் செய்தாள். நீ என்னைக் காப்பாற்றச் சொன்னாய், காப்பாற்றிவிட்டாள். ஹரிணியைப் பற்றி நீ மாதாவிடம் ஒன்றும் சொல்லவில்லையே.

இப்போது நடக்க வேண்டியதைப் பார். எனக்கு நவம்பர் கடைசியில் லைசென்ஸ் பரீட்சை. உனக்கு டிசம்பர் எட்டாம் தேதி துறவறத்தின் முதல் வார்த்தைப்பாடு. இது வெளியே வந்தால் எனக்கு உதவித்தொகையும் போகும், லைசென்சும் போகும். உன்னை மடத்திலிருந்து அம்மா வீட்டுக்கு அனுப்புவார்கள். அவள் ஒரு முழங்காலோடு இரண்டு பேருக்குச் சோறாக்க வேண்டும். ஹரிணி திரும்பி வரமாட்டாள். செத்தவளுக்கு நல்ல பெயர் எதற்கு?

உன் தம்பி

சிங்காரப்பேட்டை,
24 செப்டம்பர் 2024

தம்பி ஸ்டீவுக்கு,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. இருந்தாலும் நீ சுகமாக இருக்க வேண்டும்.

செத்தவளுக்கு நல்ல பெயர் எதற்கு என்று கேட்டாய். அவளுக்கு அப்பா இருக்கிறார் என்று அம்மா அடுத்து எழுதிய கார்டில் பார்த்தேன். சென்னப்பன் என்று பெயர், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையாம். பொட்டப்புள்ளைக்கு விமானம் கேட்குதா என்று அவர் முகத்துக்கு நேராகவே ஊரில் கேட்கிறார்களாம். காரியத்தன்று அவர் உங்கள் பள்ளிக்கு வந்து, என் பிள்ளை விமானத்தை உடைத்துவிட்டாள், மன்னித்துவிடுங்கள் என்று கும்பிட்டாராம். இதை நீ எனக்கு எழுதவில்லை.

வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் எழுத எனக்கு அனுமதி இல்லை. அதனால் அவருக்கு ஒரு கடிதம் எழுதி இதனுள் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, நீ படிக்கலாம். லைனிங், மூன்று தையல், ஏழு சுரூபம், எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆசையில் செய்தேன், அறிவில்லாமல் செய்தேன், உங்கள் மகள் மேல் ஒரு தவறும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். உன் பெயரை எழுதவில்லை. மதரிடமும் சொல்லப்போகிறேன், அவர் என்ன முடிவு செய்தாலும் சரி.

கொண்டுபோய்க் கொடு. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

கிருபாராணி

ஓசூர்,
16 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நான் மிகவும் நலம். நீயும் மனம் தேறி நலமாக இருக்க வேண்டும். அம்மா உனக்கு அதிரசம் சுட்டு அனுப்புகிறாளாம்.

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். சந்தை நாளன்று குந்தாரப்பள்ளிக்கே போனேன். வீட்டு வாசலில் நின்றபடியே படித்தார், இரண்டு முறை படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க அக்காள மனசுல வெச்சுக்க வேணான்னு சொல்லுப்பா. ஆண்டவன் எழுதுனது" என்றார். காபி கொடுத்தார். அதைப் பற்றி இனிமேல் யாரும் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், பேசினால் ஆறின புண் மறுபடி கிளறுமாம். ஆகவே நீயும் மதரிடம் ஒன்றும் சொல்லாதே. அவருடைய விருப்பம் அது.

பார்த்தாயா, எவ்வளவு லேசாக முடிந்தது. இனி நிம்மதியாகத் தூங்கு.

மோகன்குமார் சார் என் இறக்கத்தைப் பாராட்டினார். நேற்று அவர் கையில் டீ சிந்தவில்லை.

அன்புத் தம்பி,
ஸ்டீவ்

சிங்காரப்பேட்டை,
17 நவம்பர் 2024

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

நீ எழுதியதை நம்பினேன். ஒரு மாதம் நன்றாகத் தூங்கினேன், மதரிடமும் சொல்லவில்லை. அந்த வெட்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

இன்று ஞாயிறு, பார்வையாளர் நாள். பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வரவேற்பறையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கம்பெனிச் சட்டையோடு, மடியில் ஒரு கட்டைப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சென்னப்பன் என்று பெயர் சொன்னார். நான் கை கூப்பினேன், கடிதம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு. அவர் பையிலிருந்து எடுத்துப் பிரித்தது என் காற்றுப்பை. நீ எரித்தது.

நீ எரிக்கச் சொல்லி நாராயணப்பனிடம் கொடுத்தாயாமே. அவருக்கு மனம் வரவில்லை. மகள் நினைவாக மைதானத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று போன வாரம் இவர் போய் நின்றபோது, அதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாலில் எதுவோ தட்டுப்படவே இவர் மடிப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்திருக்கிறார். மாதா சுரூபம். தைத்தவள் ஸ்டீவின் அக்கா, சிங்காரப்பேட்டை மடத்தில் இருக்கிறாள் என்று நாராயணப்பன் சொல்லியிருக்கிறார்.

கடிதம் எதுவும் அவர் கைக்கு வரவில்லை. காரியத்துக்குப் பிறகு உன்னை அவர் பார்க்கவே இல்லை. காபியும் கொடுக்கவில்லை.

அவர் வந்தது வேறு விஷயத்துக்கு. மகள் பேரில் பள்ளிக்குப் புதிதாக ஒரு காற்றுப்பை கொடுக்க ஆசைப்பட்டார். "எம்பொண்ணு அவங்களுக்கு நட்டம் பண்ணிட்டா. இந்த மாதிரியே, இதே லைனிங்கோட, கிழியாத மாதிரி ஒண்ணு தெச்சுக் குடுங்க சிஸ்டர். ஓரமா ஹரிணின்னு சின்னதாப் போட்டாப் போதும்" என்றார்.

லைனிங் வைக்கக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். உட்காராமல், அழாமல், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர், சமையலறையில் தராசு இருக்குமா என்று கேட்டார். உனக்கு அனுப்பியது போக நைலானில் ஒன்று கூடுதலாகத் தைத்து வைத்திருந்தேன், அதையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் நிறுத்தார். நைலான் அறுநூறு கிராம். என்னுடையது இரண்டு கிலோ நானூறு. இரண்டையும் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனியில் செக்கிங் வேலையாம், பாகம் சரியான அளவில் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்கிற வேலை. பிறகு சொன்னார்: "கேஜு தப்பா இருந்தா, நல்ல பீஸு ரிஜெக்டாயிடும் சிஸ்டர். எம்பொண்ணு நல்ல பீஸு."

அதன் பிறகுதான் அழுதார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போகும்முன் ஒன்று கேட்டார். அன்று ரேடியோவில் இருந்தது உங்கள் தம்பிதானே என்று. எனக்குத் தெரியாது ஸ்டீவ். நீ எனக்குச் சொல்லவே இல்லை. ரேடியோவில் சரியாகச் சொல்லப்பட்டது என்றுதான் எழுதினாய். யார் சொன்னது என்று எழுதவில்லை. நாராயணப்பன் போன வாரம் சொன்னதன் அர்த்தம் இவருக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது: அன்று ரேடியோ அறைச் சன்னலுக்கு வெளியே நாராயணப்பன் நின்றிருக்கிறார். அவர் தலையிலிருந்து தொப்பி பறந்து வேலியில் மாட்டியிருக்கிறது. காற்று பலமாக அடிக்கிறது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். விமானம் குலுங்குகிறது, காற்று எவ்வளவு என்று அவள் இரண்டு முறை கேட்டிருக்கிறாள். நீ பையைக் கைகாட்டிவிட்டு, இரண்டு முறையும், காற்று இல்லை, இறங்கு என்று சொல்லியிருக்கிறாய்.

கனமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது சிரித்தவன் நீ. கேட்டபோது காற்று இல்லை என்றவன் நீ. பை என்னுடையது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொப்பி பறந்ததைப் பார்த்தது உன் கண்.

பை கனம் என்பது தம்பிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். நீ செப்டம்பரில் எழுதிய கடிதத்தைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். நீ எழுதியதிலேயே அது ஒன்றுதான் உண்மை, அவரிடமே இருக்கட்டும். இரண்டு பையையும் எடுத்துக்கொண்டார். சுரூபங்களை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்றார். ஒரு மணி பஸ்ஸில் ஊத்தங்கரைக்குப் போனார். இரவு குந்தாரப்பள்ளி வீட்டில் தங்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு உங்கள் பள்ளி வாசலில் இருப்பாராம். அங்கிருந்து விசாரணைக்காரர்களுக்கும் எழுதப்போகிறார்.

மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிசம்பர் எட்டாம் தேதி எனக்கு வார்த்தைப்பாடு இல்லை. அதன் பிறகு என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

மதர் இரக்கமுள்ளவர். போன் விதியை இன்று ஒருநாள் தளர்த்துகிறேன், தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிவிடு, பாவம் சின்னப் பையன் என்றார். அறையைத் திறந்து, போனை எடுத்து என் கையிலும் கொடுத்தார். உன் நம்பர் எனக்கு மனப்பாடம். வேண்டாம் மதர் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும். அம்மாவுக்கு நானே எழுதிக்கொள்கிறேன். சாப்பிடாமல் இருக்காதே.

கிருபாராணி